காது ஆறும் வரை

நோயிலிருந்து மீண்டு வந்த ஒருவனை, அந்த நோய் அவனுக்கு வந்த இடத்துக்கே திரும்ப அனுப்பலாமா? அங்கே இன்னொருவன் அதே நோயோடு இருக்கிறான், இவன் போனால்தான் அவன் மருத்துவமனைக்கு வருவான் என்றால்?

இதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. என் தம்பி பிரபு கேட்டுக்கொண்டே இருக்கிறான். நான் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். இதே நிலையில் இருக்கும் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பெரம்பலூரில். என் கணவர் ஒரு விதை நிறுவனத்தில் வேலை செய்கிறார். எங்கள் மகள் யாழினிக்கு இப்போது ஒன்றரை வயது. என் பிறந்த ஊர் விக்கிரமங்கலம். அப்பா இல்லை. அம்மா மட்டும் அங்கே இருக்கிறார். தம்பி அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளில் வேலை பார்த்தான். ஒருமுறை தோள்பட்டை பிசகி, வலி மாத்திரை போட ஆரம்பித்தான். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. கூட வேலை செய்த, எங்கள் ஊர்க்காரனான மணி என்ற நண்பனோடு சேர்ந்து அதை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் நிலைக்குப் போயிருக்கிறான். எங்களுக்குத் தெரிந்தபோது அவன் நன்றாக மெலிந்திருந்தான்.

என் கணவர்தான் அவனை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தார். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தோம். உடல் நடுக்கமும் வாந்தியும் அடங்கி, சாப்பிட ஆரம்பித்தான். யாழினி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். இவன் பின்னாலேயே தவழ்வாள். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்படி நினைத்திருந்த ஒரு மதியம், வெளியே போய்விட்டு வந்தவன் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு முகம் கழுவினான். முழங்கையின் உட்புறத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“கையைக் காட்டு.”

“ஒண்ணுமில்லக்கா.”

“காட்டுடா.”

“ரத்தம் எடுத்தாங்க. டெஸ்டுக்கு.”

“யாரு எடுத்தா? நல்லா இருக்கிறவனை ரோட்டுல நிப்பாட்டியா ரத்தம் எடுக்கிறாங்க?”

“நான் நல்லா இருக்கேன்னு நீயாச்சும் சொல்றியே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

நான் நம்பவில்லை. மறுநாள் எந்த இடம் என்று அவனிடமே கேட்டு, அதைத் தேடிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. பெயர்ப்பலகை இல்லை. உள்ளே சில நாற்காலிகள், ஒரு குடிநீர்க் கேன், திரை போட்ட ஒரு மூலை. கலைவாணி என்ற ஆலோசகர் உட்கார வைத்தார். போதை ஊசி போட்டுக்கொள்பவர்களிடையே ரத்தத்தின் வழியாகப் பரவும் நோய்கள் எவ்வளவு இருக்கின்றன என்று ஆராயும் குழு அது என்று சொன்னார். அதற்கு மேல் என் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“அவரு இங்க வந்தாரா இல்லையான்னுகூட நான் சொல்லக் கூடாதுங்க. அவரே வந்து சொல்லச் சொன்னாதான் பேச முடியும்.”

“நான் கூடப் பொறந்த அக்காங்க.”

“அதனாலதாங்க” என்றார்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது அந்த வார்த்தைக்காக அவரிடம் மரியாதை இருக்கிறது.

முடிவு சொல்லும் நாளில் பிரபுவே என்னைக் கூட்டிப்போனான். “எங்கக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க மேடம். இல்லாட்டி அவளும் தூங்க மாட்டா, எங்களையும் தூங்க விட மாட்டா.”

எச்.ஐ.வி. இல்லை. ஹெபடைட்டிஸ் சி இருந்தது (கல்லீரலைத் தாக்கும் வைரஸ், ரத்தத்தோடு ரத்தம் கலந்தால் பரவுவது). ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடும்போது வருகிறது. ஊசி தனித்தனியாக இருந்தாலும் மருந்து கரைத்த தண்ணீரையும் பஞ்சையும் பகிர்ந்துகொண்டாலே போதும் என்றார். பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்து, கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிகிறதாம்.

பிரபுவிடம் அவர் மூன்று சீட்டுகளைக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டேன். அந்த ஆய்வுக்கு யாரும் நேராக வர முடியாது. ஏற்கெனவே வந்த ஒருவர், தன்னோடு ஊசி போட்டவர்களுக்குச் சீட்டுக் கொடுக்க வேண்டும். சீட்டோடு வருபவருக்குப் பரிசோதனை. அவருக்கும் சீட்டுகள் தருவார்கள். பிரபுவும் அப்படி யாரோ கொடுத்த சீட்டோடு வந்தவன்தான். ஒளிந்து வாழ்பவர்களை வீடு வீடாகத் தட்டிக் கண்டுபிடிக்க முடியாது, அவர்களுக்குத்தான் ஒருவரை ஒருவர் தெரியும் என்றார். நோய் எந்த வழியில் போனதோ அதே வழியில் ஆய்வும் போகிறது என்பது எனக்குப் புரிந்தது. புரிந்ததும் பயம் வந்தது. யாரைப் பார்க்காதே என்று நாங்கள் கெஞ்சிக்கொண்டிருந்தோமோ, அவர்களைத் தேடிப் போகச் சொல்வது போல இருந்தது அந்தச் சீட்டு.

அதைக் கேட்டேன். கலைவாணி மறைக்கவில்லை. “கட்டாயம் இல்லைங்க. போனா மறுபடி ஆசை வரும்னு அவருக்குத் தோணினா, கொடுக்கவே வேணாம். சீட்டு அவரோடது. முடிவும் அவரோடது.”

பிரபு இரண்டு பேரைத் தொலைபேசியில் அழைத்தான். அவர்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள். மணியை அழைத்தபோது அவன் எடுக்கவில்லை. அவனுக்கான சீட்டு பிரபுவின் பர்சிலேயே இருந்தது.

அடுத்து மாவட்டத் தலைமை மருத்துவமனை. முதல் பரிசோதனை எதிர்ப்புப் பொருளை (கிருமியைச் சந்தித்த உடல் அதற்கு எதிராக உண்டாக்குவது) மட்டும்தான் காட்டும். கிருமி இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பரிசோதனை வேண்டும். அதிலும் இருப்பதாக வந்தது. கல்லீரல் இன்னும் பெரிதாகக் கெடவில்லை என்று ஸ்கேன் பார்த்த மருத்துவர் சொன்னார். பன்னிரண்டு வாரம் மாத்திரை. அரசு மருத்துவமனையில் இலவசம்.

நான் கேட்டு வைத்திருந்த எல்லாவற்றையும் கேட்டேன். ஒரே தட்டில் சாப்பிடலாமா, ஒரே குளியலறை போகலாமா, குழந்தைக்கு முத்தம் கொடுக்கலாமா. எல்லாவற்றுக்கும் மருத்துவர் பொறுமையாகத் தலையாட்டினார். கடைசியாக, கேட்க வந்ததைக் கேட்டேன்.

“பாப்பாவுக்கு முடி எடுத்து காது குத்தணும் டாக்டர். தாய்மாமன் மடியிலதான் உட்கார வைக்கணும். வைக்கலாமா?”

“மடியில என்னம்மா இருக்கு? தாராளமா வைங்க. ஊசியும் பிளேடும் புதுசான்னு மட்டும் பாருங்க.”

பிரபு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டிருக்கலாமோ என்று அப்போதே தோன்றியது. பதில் தெளிவாகக் கிடைத்தும், மாத்திரை முடியட்டும் என்று காதுகுத்தைத் தள்ளிவைத்தேன்.

வீட்டில் நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். மருத்துவர் சொல்லியும் மனம் கேட்காமல், அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தேன். ஒரு வாரம் கழித்துக் குளியலறையைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். என் கணவரும் அவனும் ஒரே ரேசரில் முகம் மழித்துக்கொண்டிருந்தார்கள். பகிர்ந்தால் ஆபத்தில்லாத தட்டைப் பிரித்துவிட்டு, பகிரவே கூடாத ரேசரைச் சேர்த்தே விட்டிருக்கிறேன். கணவருக்குப் பரிசோதனை செய்து, எதுவும் இல்லை என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பின் தட்டுகள் ஒன்றாயின. ரேசர், பல் துலக்கி, நகவெட்டி மூன்றும் தனியாயின. உங்கள் வீட்டில் முதல் நாளே அந்த மூன்றைப் பிரித்துவிடுங்கள்.

விக்கிரமங்கலத்தில் என்ன சொல்வது என்பது அடுத்த சிக்கல். ஊசி என்று சொல்ல முடியாது. அம்மாவும் நானும் பேசி, “காமாலை” என்று சொல்வதென முடிவு செய்தோம். கல்லீரல் நோய்தானே, முழுப் பொய் இல்லையே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் காமாலை என்று சொன்னால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். அம்மாவிடம் ஆளாளுக்குக் கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அம்மாவும் அதைப் பையில் கட்டிக்கொண்டு பேருந்தேறி வந்து, மோரில் அரைத்துக் கலக்கினார்.

“மாத்திரை முடியிற வரைக்கும் வேற எந்த மருந்தும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா” என்றேன்.

“இது மருந்தாடி? இலை.”

“கொடுத்தவங்க கேட்டா என்ன சொல்லுவே?”

“குடிச்சான், தேறிட்டான்னு சொல்லுவேன். வேற என்ன சொல்லச் சொல்றே?”

பிரபு அந்த டம்ளரை வாங்கி, மோந்து பார்த்து, “இதுக்கு அந்த ஊசியே தேவலாம்” என்றான். அம்மா அவன் முதுகில் ஓங்கி அடித்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதார். அவன் டம்ளரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான்.

மாத்திரை நாட்களில் பெரிய தொந்தரவு இல்லை. களைப்பு, கொஞ்சம் தலைவலி. எனக்குத்தான் நாட்கள் நகரவில்லை. அவன் தண்ணீரோடு விழுங்கி, வாயைத் திறந்து காட்டுவான், யாழினிக்கு நான் மருந்து கொடுக்கும்போது அவள் காட்டுவது போலவே. கேலிக்குத்தான் செய்தான். ஆனாலும் நான் நிஜமாகவே பார்ப்பேன். அவன் கடைக்குப் போய்த் திரும்பத் தாமதமானால் முதலில் அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன், முழங்கையைப் பார்ப்பேன். இப்போது பேருந்தில் எதிரில் நிற்பவர்களின் முழங்கையையும் பார்க்கிறேன்.

மாத்திரை முடிந்து மேலும் மூன்று மாதம் காத்திருந்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். வைரஸ் இல்லை. குணம்.

மருத்துவர் இரண்டு விஷயங்களைச் சொன்னார். எதிர்ப்புப் பொருள் உடலில் எப்போதும் இருக்கும், அதனால் எங்காவது முகாமில் பரிசோதித்தால் இருப்பதாகவே காட்டும், நோய் திரும்பிவிட்டது என்று பயப்படக் கூடாது. ஆனால் அந்த எதிர்ப்புப் பொருள் காவல் காக்காது. மறுபடி பகிர்ந்த ஊசி போட்டால் மறுபடி வரும். அம்மை போல ஒருமுறை வந்தால் போதும் என்ற நோய் இல்லை இது.

இதற்குள் அந்த மாடி அறையில் ஆய்வு முடிந்து குழு கிளம்பியிருந்தது. போகும்போது கலைவாணி பிரபுவிடம், சீட்டு இனிச் செல்லாது, ஆனால் யாரை அழைத்து வந்தாலும் மருத்துவமனையில் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தொலைபேசியில் அழைத்த இரண்டு பேரில் ஒருவன் இப்போது மாத்திரை சாப்பிடுகிறான். இன்னொருவனுக்கு நோயே இல்லை.

காதுகுத்தைச் சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை வைத்தோம். கூட்டம் அதிகம். மொட்டை போடும் இடத்தில் பிரபு முன்னால் நின்று, பிளேடைப் புதிதாகப் பிரித்துப் போடுவதைப் பார்த்த பிறகே யாழினியை மடியில் வைத்தான். நானோ என் கணவரோ அவனைப் பார்க்கச் சொல்லவில்லை. நான் குழந்தை அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு காது. ஆசாரி தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் செருகியிருந்த ஊசியை எடுத்து எண்ணெயில் துடைத்தார்.

“அண்ணே, அந்த ஊசி வேணாங்க” என்றான் பிரபு.

“ஏன்? இதுலதான் உங்கக்காளுக்கும் குத்தினேன். ஒரு காது சீழ் புடிச்சிருக்கா, கேளு.”

“சீழ் புடிச்சா கண்ணுக்குத் தெரிஞ்சிரும்ணே. தெரியாதது ஒண்ணு இருக்கு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “தாய்மாமன் டாக்டருக்குப் படிச்சிருப்பான் போல” என்று யாரோ சொன்னார்கள். என் கணவர் சட்டைப் பையிலிருந்து பிரிக்காத ஊசி உறை ஒன்றை எடுத்து ஆசாரியிடம் நீட்டினார். எனக்கு அது தெரியாது. முந்தைய நாள் பிரபு அவரிடம், “என்னால மெடிக்கல்ல போய் நின்னு ஊசி குடுங்கன்னு கேக்க முடியாது மாமா, நீங்க வாங்கிடுங்க” என்று சொல்லியிருக்கிறான்.

ஆசாரி முணுமுணுத்துக்கொண்டே உறையைக் கிழித்தார். அந்தச் சத்தம் கேட்டதும் பிரபு கண்களை மூடிக்கொண்டான். இரண்டு கைகளாலும் யாழினியின் தலையை அசையாமல் பிடித்திருந்தான். நெற்றி முழுக்க வியர்வை. குழந்தையின் வலிக்காகத்தான் அப்படி என்று மற்றவர்கள் நினைத்தார்கள். இரண்டு காதும் குத்தி முடிக்கும்வரை அவன் கண்ணைத் திறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மெதுவாகக் கேட்டேன்.

“அந்த உறையைக் கிழிச்சப்ப நாக்குல ஒரு கசப்பு வந்துச்சுக்கா. கை தானா சூடாச்சு. பாப்பா மடியில இல்லாட்டி எந்திரிச்சுப் போயிருப்பேன்.”

அவனுடைய கல்லீரல் குணமாகிவிட்டது. அவனுடைய கைக்கும் நாக்குக்கும் அது தெரியவில்லை. உடல் முழுவதும் ஒரே நேரத்தில் குணமாவதில்லை என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அன்று கோயிலில் அம்மா வேறொன்றும் சொல்லியிருந்தார். மணிக்குக் கண் மஞ்சளாகிவிட்டதாம், சாப்பிட முடியவில்லையாம். மணியின் அம்மா வந்து, பிரபுவுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

“நீ என்னம்மா சொன்னே?”

“ஊருக்குச் சொன்னதைத்தான் சொன்னேன். கீழாநெல்லி.”

மணியின் வீட்டில் இப்போது காலையும் மாலையும் கீழாநெல்லி கொடுக்கிறார்கள். பத்தியச் சாப்பாடு போடுகிறார்கள். பிரபு தேறியதுபோல மகனும் தேறுவான் என்று நம்பிக் காத்திருக்கிறார்கள்.

மணிக்கு என்ன நோய் என்று எங்களுக்கு உறுதியாகத் தெரியாது. பரிசோதித்தால்தான் தெரியும். பிரபு தொலைபேசியில் பேசிப் பார்த்தான். இந்தமுறை மணி எடுத்தான். “உனக்கே இலையிலதான் சரியாச்சாமே. அப்புறம் என்னை மட்டும் ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூப்புடுறே?” என்று சிரித்திருக்கிறான். இன்னமும் ஊசி போடுகிறானா என்று கேட்டதும் வைத்துவிட்டான். அதன்பின் எடுக்கவில்லை.

மணியின் அம்மாவிடம் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“சொன்னா அவன் அன்னிக்கே வூட்ட விட்டுப் போயிடுவான்க்கா. அவன் என்ன பண்றான்னு அவங்கம்மாவுக்குத் தெரியாது. நான் நேர்ல போய் உட்கார்ந்து, எனக்கு என்ன வந்துச்சு, எதுல சரியாச்சுன்னு அவன்கிட்ட சொல்றேன். வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டான்.”

என் கணவர் கூடப் போவதாகச் சொன்னார். “நீங்க வந்தா அவன் பின்வாசல் வழியா ஓடிடுவான் மாமா” என்றான்.

அவன் சொல்வது சரி என்று எனக்குத் தெரிகிறது. அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு இருக்கிறது என்பதும் தெரிகிறது. ஆனால் வேர்வையில் நனைந்த அந்த நெற்றியும் தெரிகிறது. மணியின் அறையில் ஊசி இருக்கும். மடியில் யாழினி இருக்க மாட்டாள்.

“காது ஆறட்டும். புண்ணோட இருக்கிற புள்ளைய விட்டுட்டுத் தாய்மாமன் வெளியூர் போகக் கூடாது” என்று சொன்னேன். அப்படி ஒரு வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவனுக்கும் அது தெரியும். “சரிக்கா” என்றான். தினமும் காலையில் தேங்காய் எண்ணெயைத் தொட்டுக் குழந்தையின் காதில் அவனே வைக்கிறான். வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறான்.

முன்பெல்லாம் எனக்கு நாள் என்றால் கிழமைதான். பிறகு மாத்திரைதான் நாளாக இருந்தது. இப்போது ஒரு துளி அளவு புண் காய்வதைப் பார்த்து நாளை அளக்கிறேன். குழந்தையின் காது சீக்கிரம் ஆற வேண்டும் என்றும், இன்னும் கொஞ்சம் மெதுவாக ஆறட்டும் என்றும் ஒரே நேரத்தில் நினைக்கிற தாய் வேறு எங்காவது இருப்பாளா என்று தெரியவில்லை.

நேற்றுக் குளிப்பாட்டும்போது பார்த்தேன். இரண்டு காதும் காய்ந்துவிட்டன. தோட்டைத் திருப்பினால் யாழினி அழவில்லை. பிரபுவும் பார்த்தான். பர்சிலிருந்து அந்தச் செல்லாத சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டான்.

உங்களில் யாராவது இப்படி ஒருவரை அனுப்பியிருக்கிறீர்களா? தனியாக அனுப்பினீர்களா, தெருமுனை வரை கூடப் போய் நின்றீர்களா? போவதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துப் போனீர்களா? திரும்பி வந்தவரிடம் முதலில் என்ன கேட்டீர்கள்? அனுப்பாமல் இருந்தவர்கள், பிறகு அந்த இன்னொருவரைப் பற்றி என்ன கேள்விப்பட்டீர்கள்? எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். நடந்தது நல்லதாக இல்லாவிட்டாலும் எழுதுங்கள். மணியின் கண்கள் மஞ்சளாக இருக்கின்றன. என்னிடம் இனிச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.